ஒரு படித் தவிடு

என்னைத் தவிட்டுக்கு வாங்கினார்கள். இதை நானாகச் சொல்லவில்லை, அம்மா சொன்னாள். சோற்றை மிச்சம் வைத்த நாளெல்லாம், புதுப் பாவாடையைக் கிழித்துக்கொண்டு வந்த நாளெல்லாம் சொன்னாள். "ஒன்ன நான் எங்கட்டி பெத்தேன்? வாசல்ல வந்தவகிட்ட ஒரு படித் தவிட்டக் குடுத்துல்லா வாங்கினேன்." தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது இந்தக் கதை தெரிந்திருக்கும். மீதிப் பேர் சோற்றை மிச்சம் வைக்காதவர்களாக இருப்பார்கள். ஐந்து வயதில் நான் இதை அப்படியே நம்பி, எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருந்த தவிட்டு மூட்டை முன்னால் போய் நின்று அழுதிருக்கிறேன். நான் அழுதால் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது. பக்கத்து வீட்டுக்காரிகளையும் கூப்பிட்டுக் காட்டுவாள்.

அப்பா தெற்கேயிருந்து வந்து தி. நகரில் துணிக்கடை வைத்தவர். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை. இவர்களுக்கெல்லாம் பொதுவாக ஊரிலிருந்து ஒருவர் மாதாமாதம் ரயிலேறி வருவார். எத்தனை மணி நேரம் பயணம் செய்தாலும் வேட்டி மடிப்புக் கலையாது, நெற்றியில் திருநீறு அழியாது. கருப்பட்டி, புளி, பனங்கிழங்கு என்று எது சொன்னாலும் கொண்டுவருவார். கூடவே பிள்ளைகளையும் கொண்டுவருவார். "அண்ணாச்சி, அடுத்த தடவ வரும்போது நல்ல கருப்பட்டியா ஒரு சிப்பம். அப்படியே எட்டு ஒம்பது வயசுல ஒரு பொம்பளப்பிள்ள" என்று வீட்டு அம்மாக்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். கருப்பட்டியை உடைத்து, முகர்ந்து, வாயில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள். பிள்ளையை அப்படியெல்லாம் பார்க்கமாட்டார்கள், அவ்வளவு நம்பிக்கை. நாங்கள் அவரைக் கருப்பட்டி அண்ணாச்சி என்போம். இன்னொரு சரக்கை வைத்துப் பெயர் வைத்திருந்தால் கேட்க நன்றாக இருந்திருக்காது.

அந்தக் காலத்துச் சென்னையில் கடத்தல் என்றால் தங்க பிஸ்கட், வெளிநாட்டு வாட்ச், நைலான் சேலை. எப்போதாவது பேப்பரில், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி பம்பாய்க்குப் பெண்களைக் கொண்டுபோன கும்பலைப் பிடித்தார்கள் என்று வரும். அப்பா அதைச் சத்தமாக வாசிப்பார். அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "பெத்தவ வயிறு என்ன பாடுபடும்" என்பாள். கொத்தடிமை முறை ஒழிந்தது என்று ரேடியோவில் சொன்னபோது அப்பா நாற்காலியின் கையைத் தட்டி, "வடக்க அப்படித்தான் மனுசன மாடு மாதிரி வச்சிருந்தானுவ. நல்லா வேணும்" என்றார். தட்டியதில் காபி சிந்தியது. அதைத் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு ஓடி வந்தவளைப் பற்றித்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

அவள் எனக்கு ஒரு வயது இளையவள். கருப்பட்டிச் சிப்பத்தோடு ஒரே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். அவளை வேலைக்காரி என்று யாரும் சொல்லக் கூடாது. "நம்ம ஊர்ப் பிள்ள, வீட்டோட இருக்கு" என்றுதான் சொல்லவேண்டும். வகுப்பில் என்னோடு படித்த மயிலாப்பூர்ப் பெண் வீட்டிலும் இப்படி ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா, "எங்காத்துப் பொண்ணு மாதிரி வச்சிண்டிருக்கோம்" என்பாள். சாந்தோமில் எங்கள் டீச்சர் வீட்டில் இருந்ததற்கு வளர்ப்புப் பிள்ளை என்று பெயர். அந்த வளர்ப்புப் பிள்ளை டீச்சரின் சொந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்துக்கொண்டிருந்தது. சாதியிலும் சாமியிலும் எதிலும் ஒத்துப்போகாத ஊர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கைகோத்து நின்றது. விடியற்காலையில் எங்கள் தெருக் குழாயடியில் குடத்தோடு நிற்கும் பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்து ஒரு பள்ளிக்கூடமே நடத்தியிருக்கலாம். வாத்தியார் ஒருவர்தான் குறை.

அம்மாவை அத்தை என்றும் அப்பாவை மாமா என்றும் கூப்பிட அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இது நல்ல ஏற்பாடு. அத்தையிடம் யாரும் சம்பளம் கேட்பதில்லை. தீபாவளிக்குக் கடையில் மிஞ்சிய சீட்டித் துணியில் அவளுக்குப் பாவாடை தைத்தார்கள். அதை வருகிற போகிறவர்களிடமெல்லாம் அம்மா தூக்கிக் காட்டச் சொல்லுவாள். "எங்க பிள்ளைக்கும் அவளுக்கும் ஒரு வித்தியாசம் வச்சதில்ல." வித்தியாசம் இருந்தது. நான் கட்டிலில் படுத்தேன், அவள் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் படுத்தாள். ஆனால் அதை வித்தியாசம் என்று சொல்கிற பழக்கம் எங்கள் தெருவில் இல்லை.

"அந்த வீட்டுல ஒன் மக வயசுல ஒரு பிள்ள இருக்கு. ரெண்டும் கையக் கோத்துக்கிட்டுத் தெனமும் பள்ளிக்கூடம் போகும்" என்று கருப்பட்டி அண்ணாச்சி அவள் ஊரில் சொல்லியிருந்தார். அதில் பொய் இல்லை. அவள் தினமும் பள்ளிக்கூடம் வந்தாள். மத்தியானம் என் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மரத்தடியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகள் வகுப்பிலிருந்து கேட்கிற வாய்ப்பாட்டை அவளும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். பிறகு காலி டப்பாவோடு திரும்பிப் போவாள்.

எனக்கு அவளைப் பிடிக்கும். சொட்டாங்கல் ஆட அவளைப்போல இன்னொரு கையை நான் பார்த்ததில்லை. ஐந்து கல்லையும் மேலே எறிந்துவிட்டு, நடுவில் மூக்கைச் சொறிந்துகொண்டு, திரும்பப் புறங்கையில் பிடிப்பாள். சோப்புத்தூளில் வெடித்த கை அது. ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவில் நான் கேட்டேன்: "ஒன்னையும் தவிட்டுக்குத்தான் வாங்கினாவளா?" அவள் நான் கேட்டதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "தவிடு இல்ல. அய்யாவுக்கு என்னமோ குடுத்தாவ. என்னன்னு தெரியல" என்றாள். எவ்வளவு என்று எங்கள் வீட்டில் எனக்கும் தெரியாது. அதையெல்லாம் கேட்பது எங்கள் தெருவில் மரியாதைக் குறைவு.

இப்போது என் மைனியைப் பற்றிச் சொல்லவேண்டும். மைனி என்றால் அண்ணன் மனைவி. அவளுக்கு முதல் பிள்ளை பிறந்து மாதம் முடிவதற்குள் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதாக ஒரு பையன் பிறந்தான். வீட்டில் யாரும் சந்தோஷமாகச் சிரிக்கவில்லை. பிள்ளை தும்மினால் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மைனி அதன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. மாதம் முடிய இன்னும் நாள் கிடந்தது.

அப்போதுதான் அம்மா சொன்னாள், "இவனத் தவிட்டுக்கு வித்துருவோம்" என்று.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாள் கேலி என்று நினைத்தது நிஜமாகவே உண்டு! பிறக்கிற பிள்ளைகள் அடுத்தடுத்துப் போகிற வீட்டில், பிறந்ததை ஒருத்திக்கு ஒரு படித் தவிட்டுக்கு விற்றுவிட்டு, பிறகு கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இந்த வீட்டுப் பிள்ளையைத் தேடி வருகிற எமன், அது வேறு வீட்டுப் பிள்ளை, அதுவும் தவிட்டு விலைப் பிள்ளை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவானாம். எமனும் எங்கள் தெருக்காரர்களைப்போல விலாசம் பார்த்து மரியாதை தருகிறவன் போலிருக்கிறது.

இந்த வியாபாரத்துக்கு உண்டான சட்டதிட்டமெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. ஹைகோர்ட் ஜட்ஜ் அவளிடம் வந்து படித்துவிட்டுப் போகலாம். வாங்குகிறவள் சொந்தக்காரியாக இருக்கக் கூடாது. அவள் பெற்றதில் ஒன்றுகூடச் செத்திருக்கக் கூடாது. தவிடு அவள் வீட்டுத் தவிடாக இருக்கவேண்டும், நாம் கொடுத்து நாமே வாங்கினால் செல்லாது. வாங்கியவள் வாசல் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டால் பிள்ளை அவளுடையது. திருப்பிக் கேட்கும்போது அவள் கேட்பதைக் கொடுத்துத்தான் வாங்கவேண்டும், இல்லை என்ற சொல் வாயிலிருந்து வரக் கூடாது. பிடுங்கினாலோ போச்சு, எல்லாம் போச்சு. "எமன் என்ன மடையனா? பொய் வியாபாரம்னா மோந்து பாத்தே கண்டுபிடிச்சிருவான்" என்றாள் அம்மா.

ஆள் தேடினோம். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன்கூடையோடு வருகிற அம்மாளிடம்தான் அம்மா முதலில் கேட்டாள். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "எனக்கு ஆவாதும்மா. பெத்தது நெறைய. ரெண்ட கடலு தின்னுச்சி, ஒண்ணு ஜொரத்துல போச்சி. ராசி இல்லாத கையிம்மா இது. வஞ்சிரம் கீது, இன்னா, எடுத்துக்கிறியா?" என்றாள். அம்மா வஞ்சிரம் எடுத்துக்கொண்டாள். தயிர்க்காரிக்கும் ஒன்று போயிருந்தது. துணி தேய்க்கிறவர் மனைவிக்கு இரண்டு. ஒரு பிள்ளையையும் சாகக் கொடுக்காதவளாக ஏழைகளில் ஒருத்தி அகப்படுவது அவ்வளவு சுலபமாக இல்லை. வசதியான வீடுகளில் அப்படி இருந்தார்கள், ஆனால் அங்கே தவிட்டுக்கு எங்கே போவது?

அம்மாவுக்குத்தான் நினைவு வந்தது. "ஏங்க, நம்ம வீட்டுல இருக்காள்லா, அவ அம்மைக்கு ஏழு பிள்ள. ஒண்ணுகூடத் தவறலன்னு அண்ணாச்சி சொன்னாரே."

சொன்னார்தான். அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று சொன்னார். ஏழு இருக்கிற வீட்டில் ஒன்று குறைந்தால் தெரியவா போகிறது என்பதற்காகச் சொன்னது. எந்தத் தகுதிக்காக அந்த அம்மையிடமிருந்து பிள்ளையை எடுத்தார்களோ, அதே தகுதிக்காக இப்போது அவள் கையில் பிள்ளையைக் கொடுக்கப்போகிறார்கள். இதில் உறுத்துவதற்கு எதுவும் இருப்பதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மகளை அழைத்து வந்த நாளிலிருந்து அந்த அம்மாளுக்கு ஒரு தகவல்கூடச் சொல்லியனுப்பாத வீட்டிலிருந்து, அப்பா கடை போனில் அண்ணாச்சிக்கு ட்ரங்க் கால் போட்டு, தெருவே கேட்கும்படி கத்தினார்: "ஒடனே கூட்டிட்டு வாரும். தவிட்டோட வரச் சொல்லும்."

அந்த அம்மை கருப்பட்டி அண்ணாச்சியோடு வந்து இறங்கினாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள். காலெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. ஒரு கையில் கம்பு குத்திப் புடைத்த தவிடு, மஞ்சள் துணியில் மூட்டை கட்டியிருந்தாள். இன்னொரு கையில் மகளுக்கென்று சில்லுக்கருப்பட்டி வைத்த சின்ன ஓலைப்பெட்டி. மகள் உள்ளேயிருந்து விளக்குமாற்றோடு வந்தாள். இரண்டு பேரும் எங்கள் முன்னால் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. கூச்சம். அம்மைக்காரிதான் மெதுவாகக் கேட்டாள்:

"பரீட்ச முடிஞ்சிட்டாட்டி?"

"எந்தப் பரீட்ச?" என்றாள் இவள்.

ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பிள்ளையைக் கூட்டிவரும்படி அவள் கருப்பட்டி அண்ணாச்சியிடம் கேட்டபோதெல்லாம், பரீட்சை நடக்கிறது, இப்போது முடியாது என்று அவர் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். அம்மா, "வா, காபி குடி" என்றாள். அம்மைக்காரி மகளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் விரலாகப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது மைனி அழுதாள். பிள்ளையை இன்னொருத்தி கையில் கொடுக்கத் தன்னால் முடியாது, அவரையே கொடுக்கச் சொல்லுங்கள் என்று அண்ணனைக் காட்டினாள். அண்ணனும் சரி என்றான். ஹைகோர்ட் உடனே தீர்ப்புச் சொன்னது. "அப்பன் குடுத்தா செல்லாது. பெத்தவ கையால குடுத்தாத்தான் வித்தது. ஊர் ஒலகத்துல எங்கயும் அதான் சட்டம்." தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த உப்பளக்காரி தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். "அப்படியாக்கா?" என்று கேட்டாள். "பின்னே?" என்றாள் அம்மா பெருமையாக.

மறுநாள் காலை கூடத்தில் கோலம் போட்டு முறத்தை வைத்தார்கள். கடையிலிருந்து ஒரு நூல்சேலை, ஒரு பித்தளைச் செம்பு, அரிசி எல்லாம் திருப்பி வாங்குவதற்காகத் தயாராக இருந்தன. தெருப் பெண்கள் பலர் வந்திருந்தார்கள். அம்மா கேட்கவேண்டியதைக் கேட்டாள்: "பெத்ததெல்லாம் தவறாம இருக்கா?" "உசுரோட இருக்குக்கா" என்றாள் அவள். மஞ்சள் மூட்டையை அவிழ்த்து ஒரு படித் தவிட்டை முறத்தில் கொட்டினாள். மைனி உதட்டைக் கடித்துக்கொண்டு பிள்ளையை நீட்டினாள். அவள் வாங்கி, முந்தானையால் போர்த்தி, வாசல் தாண்டி, படியிறங்கி, தெருவில் வேப்பமரத்தடி வரைக்கும் போனாள். பிறகு திரும்பி வந்து படிக்குக் கீழேயே நின்றாள்.

"சரி, இப்பத் திருப்பிக் குடு. என்ன வேணும் கேளு. இல்லேன்னு சொல்லமாட்டோம்" என்றாள் அம்மா. சேலையை எடுத்துப் பிரித்துக்கூட வைத்துவிட்டாள்.

"எம்மவளத் தாங்கக்கா."

முதலில் யாருக்கும் புரியவில்லை. அம்மா சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன, ரெண்டு நாள் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வா" என்றாள்.

"ரெண்டு நாளைக்கு இல்லக்கா. எம்மவளா வேணும்."

அண்ணாச்சிதான் முதலில் குதித்தார். "ஏய், கிறுக்கு பிடிச்சிட்டா? அது ஒம் புருசன்கிட்டப் பேசி முடிச்ச காரியம். வாங்க வேண்டியத அவன் வாங்கிட்டான். நீ நடுவுல வந்து என்ன பேசுத?"

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள். பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே பேசினாள். "நேத்து நீங்கதானக்கா சொன்னிய. அப்பன் குடுத்தா செல்லாதுன்னு. பெத்தவ கையால குடுத்தாத்தான் வித்ததுன்னு. எம்பிள்ளய அவ அப்பன்தான் குடுத்தாரு. நான் அன்னிக்கு உப்பளத்துல நின்னேன். வீட்டுக்கு வந்தா பிள்ளயக் காணல. நான் எங்கையால யாருக்கும் குடுக்கல."

அம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. என் வாழ்நாளில் அம்மாவை நான் அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்பாவுக்கு வேட்டி அவிழ்கிற அளவு கோபம். "நாங்க அவள என்ன கொடும பண்ணிட்டோம்? மூணு வேளச் சோறு! பாவாட, சட்ட! ஊருக்குப் போனா கஞ்சிக்கு வழி உண்டாட்டி ஒனக்கு? போலீசக் கூப்பிடுதேன் பாரு!" என்றார். போலீஸ் வந்தால் என்ன சொல்வது என்று அவர் யோசிக்கவில்லை. 'ஐயா, எங்கள் பேரனை ஒரு படித் தவிட்டுக்கு விற்றோம், வாங்கியவள் திருப்பித் தரமாட்டேன் என்கிறாள்' என்றா எழுதிக் கொடுப்பது? அண்ணன் பிள்ளையை எட்டிப் பிடிக்கப் படியிறங்கினான். "தொடாத! பிடுங்காத! எல்லாம் போயிரும்!" என்று அம்மா அலறிய அலறலில் அவன் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டான். எமனை ஏமாற்றப் போட்ட வேலியில் எங்கள் வீட்டு ஆம்பிளைகள் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவள் யாரையும் மிரட்டவில்லை. பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேன் என்றோ, கொண்டு ஓடிவிடுவேன் என்றோ ஒரு வார்த்தை இல்லை. பிள்ளை சிணுங்கியபோது, "ராசா, அழாதய்யா. ஒங்க அம்ம அந்தா நிக்கா பாரு" என்று அதற்குச் சொன்னாள். அது அவள் தோளில் தூங்கிவிட்டது.

சத்தம் கேட்டுத் தெருவில் கூட்டம் சேர்ந்திருந்தது. முன்வரிசையில் நின்றதெல்லாம் குழாயடிப் பிள்ளைகள். இடுப்பில் எசமான் வீட்டுக் குழந்தை, கையில் துடைப்பம், பாத்திரம் தேய்த்த சாம்பல். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று வந்து நின்றது. அத்தனை பேரையும் ஒரே இடத்தில், வேலை செய்யாமல் நிற்க நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அம்மாக்களும் அப்போதுதான் பார்த்தார்கள். "ஏட்டி, இங்க என்ன வேடிக்க? உள்ள போ!" என்று ஆளுக்கொரு பக்கம் விரட்ட ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளைகள் மெதுவாகத்தான் போனார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

மைனி எழுந்தாள். பிள்ளை பெற்று மாதம் ஆகாதவள் வாசலுக்கு வரக் கூடாது. வந்தாள். அடுப்படி வாசலில் நின்ற உப்பளக்காரி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக் கூடம் வழியாக நடத்திக்கொண்டு வந்தாள். அப்பா, "நில்லும்மா" என்றார். மாமனார் சொல்லுக்கு மறுசொல் சொல்லி அறியாதவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டி, அவளைப் படியில் இறக்கிவிட்டாள்.

"எங்கையால குடுக்கேன்" என்றாள். "எம்பிள்ளயத் தா."

உப்பளக்காரி தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்து, "நூறு வருசம் இருக்கட்டும் தாயி" என்று சொல்லி மைனி கையில் வைத்தாள். மைனி பெற்றவளின் வலி தெரிந்து செய்தாளா, பிள்ளை போய்விடுமே என்ற பயத்தில் செய்தாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தால் என்ன, அந்த வீட்டில் அன்று ஒரு மனுஷியாவது இருந்தாள்.

சேலையையும் செம்பையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அம்மையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோல வேகவேகமாக நடந்தாள். எனக்கு அழுகை வந்தது. அவள் போனதற்கு மட்டும் இல்லை. இப்படி ஒருத்தி என்னைத் தேடி ரயிலேறி வருவாளா என்று பொறாமை. அவளுடைய ஐந்து கல்லும் ஜன்னல் திண்டில் இருந்தன. ஒன்றைக்கூட நான் தொடவில்லை. வெள்ளையடிக்க வந்தவர்கள் அவற்றைப் பெருக்கித் தள்ளினார்கள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். இன்று தொப்பையும் சர்க்கரையுமாக நன்றாக இருக்கிறான். அம்மா அதற்கப்புறம் என்னைத் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொன்னதே இல்லை. சோற்றை வேண்டுமென்றே மிச்சம் வைத்துப் பார்த்தேன், அப்போதும் சொல்லவில்லை. அப்பா சொன்ன கதை வேறு. "பெத்தவ வந்து கேட்டா. பாவம், ஏழை. நம்ம செலவுலயே படிக்க வச்சிருந்த பிள்ளய மறுபேச்சில்லாம அனுப்பிட்டோம்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னார். கேட்டவர்கள் அவரைப் புகழ்ந்தார்கள். கொஞ்ச நாளில் அவரே அதை நம்பிவிட்டார்.

அடுத்த தடவை ஊரிலிருந்து வந்தபோது கருப்பட்டி அண்ணாச்சியின் திருநீறு அழியாமல்தான் இருந்தது. கருப்பட்டிச் சிப்பத்துக்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்றது. போன அனுபவத்தில் அம்மா தேறியிருந்தாள். கருப்பட்டியை உடைத்துப் பார்ப்பதற்கு முன்பே கேட்டாள்:

"இவளுக்கு அம்ம இருக்காளா அண்ணாச்சி?"

"இல்ல. போன வருசமே போய்ச் சேந்துட்டா."

"அப்பச் சரி" என்று அம்மா பெருமூச்சு விட்டாள். "உள்ள வாட்டி."

அந்தப் பிள்ளை உள்ளே வராமல், யூனிபாரத்தில் நின்ற என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கிட்டே வந்து ரகசியமாகக் கேட்டது. "யக்கா, பள்ளிக்கூடம் இங்கேருந்து தூரமா?"

"பக்கந்தான்" என்றேன். "தெனமும் வருவே."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.